வாழத்தக்க என்று எழுதிவிட்டேன்

போன சனிக்கிழமை கரும்பலகையில் எழுதிய ஒரு வரிக்காகப் பத்து வயதுப் பையனிடம் மாட்டிக்கொண்டேன். தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் கோவிலை ஒட்டிய கூடத்தில் எங்கள் தமிழ் வகுப்பு நடக்கிறது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள்; ‘அம்மா, ஆடு, இலை’ என்று எழுதியே சலித்துப்போனவர்கள். கொஞ்சம் சுவையாக இருக்கட்டுமே என்று, ‘பிராக்சிமா சென்டாரியைச் சுற்றி வாழத்தக்க கோள் ஒன்று இருக்கிறது’ என்று எழுதிப் போட்டேன். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் அவன் கேட்டான்: “டீச்சர், யார் அங்கே போய் வாழ்ந்து பார்த்தார்கள்?”

நான் அந்த விண்மீனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது எங்கள் ஊர்க்காரப் பிள்ளை. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் அதுதான் என்பது பலருக்குத் தெரியும். அதை 1915இல் கண்டுபிடித்தது ஜோகன்னஸ்பர்க் குன்றின் மேல் இருந்த யூனியன் வானாய்வகத்தில் என்பது இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே தெரியவில்லை. கண்டுபிடித்தவர் ராபர்ட் இன்னஸ். பன்னிரண்டு வயதோடு பள்ளியை விட்டவர், சிட்னியில் மது வியாபாரம் செய்தவர், வானியலைத் தானாகப் படித்துக்கொண்டவர். வானத்தின் ஒரே பகுதியை ஐந்து ஆண்டு இடைவெளியில் படம் பிடித்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரே கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான புள்ளிகள் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் துள்ளியது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குக் கண் வலிக்கிறது.

பையனின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், அன்றிரவே தம்பியைத் தொலைநோக்கியோடு வரச் சொன்னேன். நாலரை அங்குலக் கண்ணாடி வைத்த பழைய கருவி. ஜூன் மாதக் குளிர். சுற்றுவட்டாரத்து நிலக்கரி அடுப்புகளின் புகை தரையோடு படிந்திருந்தது. தெற்கே ஆல்ஃபா சென்டாரி என்ற பிரகாசமான விண்மீன் நன்றாக மேலேறி நின்றது. பிராக்சிமா அதிலிருந்து நான்கு நிலாக்களை வரிசையாக வைத்தால் வரும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. டார்ச் விளக்கின் மேல் மிட்டாய் சுற்றிய சிவப்புத் தாளைக் கட்டி, வரைபடத்தை முழங்காலில் விரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினோம். “அக்கா, இதோ இதுதான்” என்றான் தம்பி. குனிந்து பார்த்தால் அதே மாதிரி ஏழெட்டுப் புள்ளிகள். அதுவா, பக்கத்துப் புள்ளியா என்று சண்டை வந்தது. விரல் மரத்துப்போனதும் உள்ளே வந்து இஞ்சித் தேநீர் குடித்தோம். பார்த்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

விண்மீனையே பார்க்க முடியாதபோது கோளை எப்படிப் பார்த்தார்கள்? பார்க்கவில்லை. கோள் சுற்றும்போது விண்மீனை மிக லேசாக இழுக்கிறது. அந்தத் தள்ளாட்டத்தை ஒளியின் நிறப்பிரிகையில் அளந்து 2016இல் அறிவித்தார்கள். அதன் ஓர் ஆண்டு நமக்கு 11 நாள். குறைந்தபட்ச எடை ஏறக்குறைய பூமியின் எடை. விண்மீனுக்கும் அதற்கும் இடைவெளி சுமார் 70 லட்சம் கிலோமீட்டர். நமக்கும் சூரியனுக்கும் 15 கோடி. அவ்வளவு ஒட்டியிருந்தும் கருகிப்போகாததற்குக் காரணம், பிராக்சிமா சிவப்புக் குள்ளன், அதாவது சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த, மங்கலான விண்மீன் என்பதே. அந்தத் தொலைவில் தண்ணீர் திரவமாக நிற்க வாய்ப்புண்டு. வாழத்தக்க என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சரக்கு இவ்வளவுதான்.

காற்று இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் குள்ளனுக்குக் கோபமும் அதிகம்: 2019 மே மாதத்தில் ஒருமுறை சில நொடிகளுக்குள் அதன் புற ஊதா ஒளி 14,000 மடங்கு எகிறியது. பக்கத்தில் இருக்கும் கோளின் காற்றை அது விட்டுவைத்திருக்குமா? டிராப்பிஸ்ட்-1 என்ற இன்னொரு சிவப்புக் குள்ளனிடம் ஏழு கோள்கள் உண்டு. அவை விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே கடப்பதால் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் சோதிக்க முடிகிறது. விண்மீனுக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு கோள்களில் தடித்த காற்று இருப்பதற்கான தடயம் கிடைக்கவில்லை. 2025இல், வேறொரு விண்மீனைச் சுற்றும் கே2-18பி என்ற கோளில் உயிர்களோடு தொடர்புடைய ஒரு வாயுவின் சாயல் தெரிந்தது என்று ஒரு குழு சொன்னது. அதே தரவை வைத்து மற்றவர்கள் மறுத்தார்கள். அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது. தொலைநோக்கியருகே நானும் தம்பியும் போட்டது போலத்தான்.

போய்ப் பார்க்கலாம் என்றால், 1977இல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுகிறது. அதே வேகத்தில் பிராக்சிமாவுக்கு ஏறத்தாழ 75,000 ஆண்டு. லேசர் ஒளியால் தள்ளப்படும் சில கிராம் எடையுள்ள பாய்மரங்களை ஒளியின் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் அனுப்பும் திட்டம் 2016இல் வந்தது. இருபது ஆண்டுப் பயணம், செய்தி திரும்பி வர இன்னும் நாலேகால் ஆண்டு. பாய்மரம் ஒன்றும் இன்னும் கிளம்பவில்லை.

“நம் ஆட்கள் கப்பலேறி வந்தது போலத்தானே?” என்றான் தம்பி. இந்த ஒப்புமை எனக்குப் பிடிக்காது. வட ஆற்காட்டிலிருந்து எங்கள் பாட்டியின் அம்மாவை இந்நாட்டின் நேட்டாலுக்குக் கப்பல் ஏற்றிவிட்ட ஏஜண்டும் பிழைக்கத் தக்க ஊர் என்றுதான் சொன்னானாம். கரும்பு வெட்டிக் கை புண்ணான பிறகுதான் அந்தத் ‘தக்க’வின் எடை தெரிந்தது என்று பாட்டி சொல்வாள்.

இன்று வகுப்பில் ‘வாழத்தக்க’ என்பதை அழித்துவிட்டு ‘நீர் உள்ள’ என்று எழுதினேன். பையன் கையைத் தூக்கினான்: “நீரை யார் பார்த்தார்கள்?” அதையும் அழித்தேன். ‘நீர் இருந்தால், அது உறையாமலும் கொதிக்காமலும் நிற்கக்கூடிய தொலைவில், காற்றும் இருந்தால்’ என்று எழுதத் தொடங்கினேன். பலகையில் இடம் போதவில்லை; ‘கோள்’ என்ற சொல்லைச் சுவரில்தான் எழுத வேண்டியிருந்தது.