ஆடியில் வந்த பிள்ளையார் சதுர்த்தி

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரின் தாளைக் கிழிப்பது அம்மாவின் வேலை. போன வருடம் ஆடிப் பெருக்கு அன்றே காலண்டரில் பிள்ளையார் சதுர்த்தி வந்துவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு தாளைக் கிழித்திருக்கிறார்.

முதலில் பார்த்த டாக்டர், "74 வயதில் இதுகூட இல்லாமலா?" என்று ஞாபகசக்தி டானிக் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் வீணாயிற்று.

அடுத்து முதியோர் நலப் பிரிவு. அங்கிருந்த பெண் டாக்டர், வீட்டிலுள்ள மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் கொண்டுவரச் சொன்னார். பையைக் கவிழ்த்ததும் அவர் கை முதலில் போனது சளி மாத்திரைக்கு. குளோர்பெனிரமின். தூக்கம் வருகிறதென்று அம்மா தினமும் அதைப் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. முதியவர்களுக்கு அதுவே நினைவைக் குழப்புமாம், அன்றே நிறுத்தினார். காது அடைப்பை எடுத்தார்கள். தைராய்டு, பி12, மூளை ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் நோய்க்குப் பெயர் சொல்வேன் என்றார்.

என்னைவிட என் மனைவியிடம்தான் அதிக நேரம் பேசினார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ரசத்தில் இரண்டு முறை உப்பு விழுவதும், பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் போனதும் அவளுக்குத்தானே தெரியும்? பெயர்கள் மறப்பதைவிட, பழகிய வேலை தடுமாறுவதைத்தான் டாக்டர் துருவித் துருவிக் கேட்டார்.

பி12 குறைவாக இருந்ததால் ஊசி. மூன்று மாதம் கழித்து, 30 மதிப்பெண் நினைவுத் தேர்வு. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதை டாக்டர் கீரைக் கணக்காக்கினார்.

"நூறு ரூபாயில் ஏழு ரூபாய்க்குக் கீரை வாங்கினால்?"

"தொண்ணூற்று மூன்று."

"இன்னொரு கட்டு வாங்கினால்?"

"ஏன், முதல் கட்டு என்ன ஆயிற்று?"

கடிகாரம் வரையச் சொன்னபோது வட்டம் அழகாக விழுந்தது. பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னால், ஒரு முள் பதினொன்றில், இன்னொன்று பத்தில்.

அல்சைமர், ஆரம்ப நிலை. ஈசிஜி எடுத்து நாடித்துடிப்பு சரியாக இருப்பதைப் பார்த்தபின், இரவில் டோனெபெசில் 5 மில்லிகிராம். நோயைத் தீர்க்காது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். இரண்டாம் வாரம் அம்மா கெட்ட கனவு கண்டு அலறினார். டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் காலைக்கு மாற்றியதும் அது நின்றது.

அம்மாவிடம் எதற்கும் வாதாடாதீர்கள் என்றார் டாக்டர். எனக்கு இதுதான் கடினம். இப்போது சரியான தேதியைச் சமையலறைப் பலகையில் மனைவி பெரிதாக எழுதிவைக்கிறாள். காலண்டர் அம்மாவுடையது. அதில் இந்த வாரம் தீபாவளி.