அத்தானுக்கு ஒரு சைக்கிள்

அத்தானுக்கு எடை 115 கிலோ. சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறார். "உங்கள் எடைக்குத் தாங்காது" என்று ஒரு கடையில் சொன்னதில் மனம் தளர்ந்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. கேரியரில் நெல் மூட்டை ஏற்றிப் போன சைக்கிள்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்!

முக்கியமானது பின்சக்கரம். எடையில் பாதிக்கு மேல் அதன்மேல்தான் விழுகிறது. பழைய பெரிய சைக்கிள்களில் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 கம்பிகள் (ஸ்போக்) இருப்பது அதனால்தான். புதியது வாங்கினால் பின்னால் 36 கம்பிகளாவது கேளுங்கள். ரிம், அதாவது டயர் உட்காரும் வளையம், இரட்டைச் சுவராக இருக்கட்டும். சில வாரம் ஓட்டியதும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்திப் பாருங்கள். ஒரு ஜோடி மட்டும் தொளதொளவென்று இருந்தால் உடனே பெண்டு எடுக்க, அதாவது கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தை நேராக்க, கொடுத்துவிடுங்கள். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் நெகிழ்ந்து நெகிழ்ந்து, ஒருநாள் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) பக்கத்து வளைவில் அறுந்துவிடும்.

மலிவான முன் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்) வேண்டவே வேண்டாம். பிரேக் பிடித்தால் அமுங்கும். எஃகு ஃபிரேம், ஸ்பிரிங் இல்லாத சாதாரண ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), 2 அங்குல டயர் போதும். பின்டயரில் காற்று சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். கையேட்டில் உள்ள எடை வரம்பு சைக்கிளையும் சேர்த்ததா என்பதையும் பாருங்கள்.

மெத்தென்ற சீட் கடையில் சுகமாக இருக்கும், சாலையில் வலிக்கும். அகலமாக, கெட்டியாக வாங்குங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்தால் முட்டி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு கடைக்குப் போகிறேன். திருநெல்வேலியில் நன்றாகப் பெண்டு எடுப்பவரைத் தெரிந்தால் சொல்லுங்கள்.