சங்கக் கணக்குக் கொப்பியும் வெடிச்ச கெப்பாசிட்டரும்

போன கிழமை ஸ்டோர் அலுமாரியத் துப்புரவாக்கக்குள்ள எங்கட மாணவர் சங்கத்துட பழைய கணக்குக் கொப்பி ஒண்டு கையில அம்பிட்டிச்சு. ஆறு பக்கம் எழுதியிருக்கு, மிச்சமெல்லாம் வெள்ளை. கடைசி வரி சரஸ்வதி பூசை, கடலை அவல் வாழைப்பழம், 4,350 ரூபா. அதுக்கு மேல உள்ள வரி அதுக்கு முதல் வருசத்துச் சரஸ்வதி பூசை. நடுவுல ஒண்டுமே இல்ல. நான் மட்டக்களப்புப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி சென்டர்ல வயரிங், மோட்டர் வைண்டிங் படிப்பிக்கிறன், எந்த சென்டர் எண்டு கேக்காதீங்க. மூண்டு வருசத்துக்கு முதல் "சேர் நீங்கதான் இனி சங்கத்துக்குப் பொறுப்பு" எண்டு தலையில கட்டினாங்க, அப்ப எனக்கும் சங்கம் எண்டா பேனர், மைக் செட், டீ, வடை அவ்வளவுதான்.

பூசை வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா எங்கட சென்டருக்கு காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் பிள்ளைகளும் வருது, கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருக்கு, சங்கத்துட ஒரே வேலை பூசைதான் எண்டா அதுகள் எங்க நிக்கிற? ஒரு ஓரமா நிண்டு ஃபோன் பார்க்கும், அவ்வளவுதான். இது மட்டும் பிழை எண்டு சொல்லவும் ஏலா. பெரிய பிரச்சினை காலம். பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை பத்துப் பதின்மூண்டு வருசம் இருக்கும். எங்கட கோர்ஸ் சென்டருக்குள்ள ஆறு மாசம், மறுகா ஓஜேடி எண்டுற வேலைத்தளப் பயிற்சிக்குப் போயிருவானுகள். முதல் மாசம் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, ரெண்டாம் மாசம் தலைவர் தெரிவு, மூண்டாம் நாலாம் மாசம் ஏதாவது செய்வம் எண்டு கதைப்பாங்க, அஞ்சாம் மாசம் அசெஸ்மென்ட் பயம், ஆறாம் மாசம் செல்ஃபி. அடுத்த பேட்ச் வந்து திரும்பவும் பூச்சியத்துல இருந்து தொடங்கும்.

வெளிநாட்டுல எப்பிடிச் செய்றாங்க எண்டு கொஞ்சம் தேடிப் பார்த்தன். அமெரிக்காவுல தொழிற்கல்வி படிக்கிற பிள்ளைகளுக்கெண்டே மாணவர் அமைப்புகள் இருக்கு. விவசாயம் படிக்கிற பிள்ளைகளுக்கு எஃப்எஃப்ஏ, அது 1928ல தொடங்கினது. வெல்டிங், மெக்கானிக் மாதிரித் தொழில் படிக்கிற ஆக்களுக்கு ஸ்கில்ஸ்யூஎஸ்ஏ, 1965ல வேற பேர்ல தொடங்கி இப்ப இந்தப் பேர்ல நடக்குது. எஃப்எஃப்ஏ பிள்ளைகளுக்கு 1933ல இருந்து நீலக் கோர்டுரோய் ஜாக்கெட் ஒண்டு யூனிஃபோர்ம். எங்கட கச்சான் காத்துக்குள்ள அதைப் போட்டா பிள்ளை அவிஞ்சிரும், அது வேற கதை. எனக்குப் பிடிச்சது ரெண்டு விசயம். ஒண்டு, அங்க இந்த அமைப்பு வகுப்புக்கு வெளிய தனியா நடக்கிற சாமான் இல்ல, பாடத்துட ஒரு பங்கு, படிப்பிக்கிற ஆசிரியரே ஆலோசகர். ரெண்டாவது, எஃப்எஃப்ஏ கூட்டத்துல ஒவ்வொரு பதவிக்கும் ஒரு இடம் இருக்கு, செயலாளர் சோளக் கதிருக்குப் பக்கத்துல, உப தலைவர் கலப்பைக்குப் பக்கத்துல, அதுல வாசல்ல நிக்கிறதுக்கெண்டே ஒரு பதவி. வாற ஆக்களுக்குக் கதவு திறந்திருக்கா, மண்டபம் சரியா இருக்கா எண்டு பார்க்கிறது அவருட வேலை. இதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு உறைச்சிச்சு, எங்கட சென்டர்ல புதுப் பேட்ச் வாற நாள் வாசல்ல நிக்கிறது செக்கியூரிட்டி ஐயா மட்டும்தான்.

அப்பிடியே கொப்பி அடிக்க ஏலா. அங்க அது கூடுதலா ஹைஸ்கூல் பிள்ளைகள், வருசக் கணக்கா ஒரே இடத்துல இருக்கும். ஆனா கூட்டத்தை வகுப்பு நேரத்துக்குள்ள கொண்டு வரலாம்தானே. முதல் நாலு மணிக்குப் புறகுதான் கூட்டம் வைப்பம், பாதிப் பேர் வராது, நானும் பொறுப்பில்லாத பிள்ளைகள் எண்டு ஏசியிருக்கன். மறுகாதான் யோசிச்சன், மண்டூர்ப் பிள்ளை வாவியக் கடக்க குருமண்வெளியில பாதைப் படகு ஏறோணும், வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு பஸ் விட்டா அடுத்தது எப்பவோ. 2014ல மண்முனைப் பாலம் திறந்ததால கொக்கட்டிச்சோலைப் பக்கம் கொஞ்சம் லேசு, எண்டாலும் பொம்புளப் பிள்ளை இருட்டினதுக்குப் புறகு இறங்கி நடந்தா வீட்டுல விடுவாங்களா? என்விக்யூ எண்டுற தேசிய தொழில் தகைமைப் பாடத்துக்குள்ள டீம்வொர்க், வேலைத்தளத்துல கதைக்கிற முறை எல்லாம் இருக்குத்தானே, அதை நோட்ஸ் எழுதிப் படிப்பிக்கிறதுக்குப் பதிலா அந்த நேரத்துலயே சங்கக் கூட்டம் எண்டு வெச்சன். மேல இருந்து ஒரு முறைப்பு வந்திச்சு, பரவாயில்ல.

இவ்வளவும் செய்தும் சங்கத்துக்கு உயிர் வந்தது ஒரு சண்டையிலதான். மாரி வெள்ளம் வடிஞ்ச கையோட படுவான்கரையில ஒரு ஊர்ல ரிப்பேர் கேம்ப் போட்டம். வெள்ளத்துல ஊறின கிணத்து மோட்டருகள், ஃபேன், கிரைண்டர், ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்துல ரெண்டு மேசை. சாமானுக்கு மட்டும் காசு, கூலி இல்ல எண்டு சொல்லியிருந்தம். ஊறின மோட்டரைக் கழட்டிச் சேறு கழுவி, நல்லாக் காய வெச்சு, பெயாரிங் பார்த்து, கறண்ட் கசியுதா எண்டு காட்டுற 500 வோல்ட் மெகர் மீட்டர் வெச்சு வைண்டிங்குக்கும் மோட்டர்ட வெளிக்கூட்டுக்கும் இடையில பார்க்கோணும், ஒரு மெகஓமுக்குக் கீழ காட்டினா கறண்ட் குடுக்கவே ஏலா, திரும்பக் காய வைக்கத்தான் வேணும். இதை நான் கரும்பலகையில எத்தினை தரம் எழுதியிருப்பன். ரெண்டாம் நாள் ஒரு பொடியன், கெட்டிக்காரன்தான், அவசரத்துல மெகரும் வைக்கல்ல, கெப்பாசிட்டரையும் மாத்தல்ல, பிளக்கைச் சொருகிட்டான். கெப்பாசிட்டர் வெடிச்ச சத்தத்துல மண்டபத்துல இருந்த ஆக்களெல்லாம் வெளிய ஓடினாங்க. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் பூட்டின போர்டுலதான் வேலை செய்யோணும் எண்டு நான் பிடிவாதமா நிண்டது நல்லதாப் போச்சு, ஆருக்கும் ஒண்டும் நடக்கல்ல. மோட்டர்க்கார அம்மா மட்டும் "என்ன மனே, இருந்ததையும் பழுதாக்கிட்டீங்களே" எண்டு அழுதா.

அண்டைக்குப் பின்னேரம் மோட்டருகளுக்கு நடுவுல நிலத்துல இருந்துதான் முதல் உண்மையான கூட்டம் நடந்திச்சு. அந்தப் பொடியன்தான் கெப்பாசிட்டர்க் காசு கட்டோணும் எண்டு ஒரு பக்கம், சங்கம் கட்டோணும் எண்டு மற்றப் பக்கம். நான் வாயைத் திறக்கல்ல, திறந்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும். செயலாளர் தையல் வகுப்புப் பிள்ளை, வயரிங்குல ஒண்டும் தெரியாது, அவதான் கேட்டா, "சரி, டெஸ்ட் பண்ணின மோட்டர் எது, பண்ணாத மோட்டர் எது எண்டு உங்களுக்கே எப்பிடித் தெரியும்?" ஒருத்தரும் கதைக்கல்ல. அடுத்த நாள் விடிய வெட்டுத் துணியில சிவப்பு, பச்சை எண்டு துண்டு வெட்டிக் கொண்டு வந்தா, மெகர் பார்த்த மோட்டருக்குப் பச்சை கட்டு, பார்க்காததுக்குச் சிவப்பு. காசு சங்கம் கட்டினது. இப்ப என்ர வேர்க்ஷொப்புலயும் அந்தத் துணிதான் தொங்குது.

இன்னொரு சண்டையும் வந்திச்சு. அந்த ஊர்ல மோட்டர் கட்டுற கடைக்காரர் ஒருத்தர் வந்து, "தம்பி, சும்மா செஞ்சு குடுத்து எங்கட பிழைப்புல மண்ணள்ளிப் போடுறீங்க" எண்டார். நியாயம்தானே. வெள்ளத்துல அவருட கடையும்தான் நனைஞ்சது. பிள்ளைகளே போய்க் கதைச்சு, வைண்டிங் எரிஞ்ச மோட்டரெல்லாம் அவருக்கு, கழுவிக் காய வைக்கிறதும் பெயாரிங்கும் எங்களுக்கு எண்டு ஒரு ஏற்பாடு. கடைசி நாள் அவரே வந்து நிண்டு பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக் குடுத்தார், அந்தப் பேட்ச்ல ரெண்டு பேரை ஓஜேடிக்கு எடுத்ததும் அவர்தான். மற்ற நேரத்துல இந்த ஓஜேடி இடத்துக்கு நான் கடை கடையாத் திரியிறனான்.

எல்லாம் சரியாயிட்டு எண்டு நினைக்க வேணாம். அடுத்த பேட்ச்ல தலைவர் ரெண்டாம் மாசமே கட்டாருக்குப் போயிட்டான், விசா வந்தா ஆர் நிப்பான். பியூட்டி கல்ச்சர்ப் பிள்ளைகள் இன்னும் "அது வயரிங்காரங்கட சங்கம்" எண்டுதான் சொல்லுதுகள், அதுக்கு வழி தேடோணும். ஆனா வாசல் ஆள் எண்டு ஒரு பதவி வெச்சம், பழைய பேட்ச்ல ஒருத்தர் புதுப் பேட்ச் வாற முதல் நாள் லீவு போட்டு வந்து நிக்கோணும். சங்கத்துட புதுக் கணக்குக் கொப்பியைக் குடுக்கிறதும் அண்டைக்குத்தான், ஸ்டாஃப் ரூம்ல பூட்டி வைக்கிற இல்ல.

இந்தத் தரம் வந்தது அந்தத் தையல் பிள்ளை. இப்ப ஆரையம்பதியில சொந்தமாத் தைக்கிறா. புதுப் பொடியன் ஒருத்தன் கொப்பியைப் பிரிச்சு முதல் பக்கத்துல "கெப்பாசிட்டர் 1, 650 ரூபா, மெகர் வைக்கல்ல" எண்டு எழுதியிருக்கிறதை வாசிச்சிட்டு, "அக்கா, மெகர் எண்டா என்ன?" எண்டு கேட்டான். அவ கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வெடிச்ச சத்தத்துல இருந்து சொல்லத் தொடங்கினா.