400 சிடிக்கு மூன்று கொட்டேஷன்

2018-ல் பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம். தாம்பூலப் பையில் தேங்காயோடு அவர் பாடிய பதிகங்களையும் சிடியாகப் போட்டுக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தவன் நான், அதனால் 400 சிடிக்கு விலை விசாரிக்கும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது. பென் டிரைவில் கொடுக்கலாமே என்றான் தம்பி. வரப்போகிறவர்களில் பாதிப் பேர் பெரியப்பா வயதுக்காரர்கள், அவர்கள் அதை எதில் செருகிக் கேட்பார்கள்?

முதலில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. "ஒண்ணு 14 ரூபாய் சார்" என்றார்கள். அடுத்து அச்சு வேலையும் சேர்த்துச் செய்யும் ஒருவர், 34 ரூபாய். மூன்றாவது சிடியை அச்சு வைத்தே வார்க்கும் கம்பெனி, 11 ரூபாய்தான், ஆனால் குறைந்தது 1000 எடுக்க வேண்டும், மாஸ்டர் என்கிற மூலத் தட்டுக்கு 3500 தனி. 34 சொன்னவரைக் கொள்ளைக்காரர் என்றே அன்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் ஒவ்வொருவரிடமும் திரும்பப் போய், டப்பாவில் போட்டு, அட்டை செருகி, வரி கட்டி என் கையில் கொடுக்க எவ்வளவு என்று கேட்டேன். ரிச்சி தெருவில் 14 என்பது வெறும் காப்பி போடும் கூலியும் சிடியும்தானாம். மேலே ஒட்டும் லேபிள் 3, பிளாஸ்டிக் டப்பா 8, உள்ளே வைக்கும் இன்லே அட்டை 6, ஆக 31, அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் போட்டால் 36 ரூபாய் 58 காசு. 34 சொன்னவர் வரி உட்பட எல்லாம் சேர்த்துச் சொல்லியிருக்கிறார், பாவம்.

வார்க்கும் கம்பெனிக் கணக்கு வேறு மாதிரி. கண்ணாடியில் மாஸ்டர் எடுத்து, அதிலிருந்து உலோக அச்சு செய்து, உருக்கிய பிளாஸ்டிக்கை அதில் அழுத்தி எடுக்கிறார்கள், பத்து சிடி எடுத்தாலும் ஆயிரம் எடுத்தாலும் அந்த அச்சுக்கு ஆகும் செலவு ஆகத்தான் வேண்டும். வரியோடு 17,110 ரூபாய், அதுவும் டப்பா இல்லாமல். எங்களுக்கு வேண்டியது 400 என்பதால் ஒன்று 43 ரூபாய்க்கு வருகிறது, மிச்சம் 600-ஐப் பரணில் ஏற்ற வேண்டும். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பதிவு உங்களுடையதுதான் என்று கடிதம் கேட்டார்கள், அட்டையில் பதிவு செய்தவர், உரிமையாளர் பெயர் முகவரியும் முதலில் வெளியான வருடமும் போட வேண்டும், அது பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னார்கள். மற்ற இரண்டு இடத்திலும் இதைப் பற்றி மூச்சே இல்லை. பாட்டு பல நூற்றாண்டு பழையது, சிக்கல் இல்லை, மிருதங்கம் வாசித்தவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்.

லேபிள் ஒட்டிய சிடி வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் கார். வெயிலில் நின்ற காரில் காகித ஓரம் கிளம்பி, சிடி உள்ளேயே மாட்டிக்கொண்டதை நானே அனுபவித்திருக்கிறேன். இரண்டாமவர் சிடி மேலேயே நேராக அச்சடிப்பவர். அதிலும் இங்க்ஜெட் என்றால் ஈரக்கை பட்டால் கலையும், விசேஷ வீட்டில் சந்தனமும் பன்னீருமாகத்தானே எல்லார் கையும் இருக்கும்! சாம்பிள் வாங்கி, விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கலையவில்லை.

அடுத்த தலைவலி நேரம். பதிவு 92 நிமிடம், ஆடியோ சிடியில் 80 நிமிடம்தான் பிடிக்கும். எம்பி3-யாகப் போட்டுவிடலாம் என்றார்கள், பெரியப்பாவின் பழைய பிளேயர் அதைப் பாடாது. இரண்டு சிடி என்றால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. பெரியப்பாவே இரண்டு பதிகத்தை எடுத்துவிடச் சொன்னார், "ஒண்ணுல எனக்கு இருமல் வந்துது, இன்னொண்ணுல நீ கதவைச் சாத்தினே."

முதல் சாம்பிளில் விருத்தம் முடிந்து பதிகம் தொடங்கும் இடத்தில் இரண்டு விநாடி மௌனம். ஒவ்வொரு டிராக்குக்கும் நடுவில் மென்பொருள் தானாகப் போடும் இடைவெளியாம் அது. அதை எடுக்கச் சொல்லி மறு சாம்பிள் வாங்கி, பெரியப்பாவின் பிளேயரிலும் காரிலும் ஓட்டிப் பார்த்த பிறகே அந்த 34 ரூபாய்க்காரருக்கு முன்பணம் கொடுத்தேன்.

வந்த 400-ல் கண்ணை மூடிக்கொண்டு 40 எடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசிப் பாட்டை மட்டும் ஓட்டினேன், ஏனென்றால் சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, சொதப்பல் பெரும்பாலும் ஓரத்தில்தான் தெரியும். ஒன்று திக்கியது. போன் செய்தேன், மறுநாள் ஐந்து சிடி கொடுத்தனுப்பினார், கணக்கில் சேர்க்காமல்.