குழிக்குள் ஒரு குழி

ஜனவரி 20

அகழாய்வுக் குழிக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து மூலைகளில் முளை அடித்தாயிற்று. நான்கு பக்கமும் 5 மீட்டர் இருந்தால் மட்டும் போதாது, கட்டம் கோணலாகவும் இருக்கலாம். மூலைவிட்டம் இரண்டும் 7.07 மீட்டர் வந்த பிறகுதான் கயிறு கட்டினோம். சுற்றிலும் அரை மீட்டர் விட்டு, உள்ளே 4-க்கு 4 மட்டும் தோண்டுவோம். விட்ட மண் பக்கத்துக் குழியின் அரை மீட்டரோடு சேர்ந்து, ஒரு மீட்டர் அகலச் சுவராக நிற்கும். 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்த தொல்லியலாளர் மார்டிமர் வீலரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட முறை இது. மண்ணடுக்குகளைச் சுவரில் பார்த்துப் படிக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர்.

ஆழம் எல்லாம் குழிக்கு வெளியே குறித்து வைத்த, மாறாத நிலைப்புள்ளியிலிருந்துதான் அளப்போம். தரை சரிவாக இருக்கும், அதை நம்ப முடியாது.

ஜனவரி 22

மேல்மண். வேர், பிளாஸ்டிக், நொறுங்கிய ஓடு. பிளாஸ்டிக்கையும் பதிவேட்டில் எழுதினோம். இந்த அடுக்கு கலைந்தது என்பதற்கு அதுதானே சாட்சி.

ஜனவரி 24

இரண்டாம் அடுக்கை எடுத்து முடித்ததும், வடகிழக்கில் அரைவட்டமாக ஒரு கருமை. மீதி வட்டம் வடக்குச் சுவருக்குள் போகிறது. சுற்றியுள்ள மண்ணில் கரண்டி கரகரவென்று உரசுகிறது. கருமைக்குள் வைத்தால் பொதபொதவென்று இறங்குகிறது. சரி, யாரோ வெட்டி, பிறகு நிரம்பிப்போன குழி. லேசாகத் தண்ணீர் தெளித்ததும் விளிம்பு துலங்கியது. வெயில் ஏறுவதற்குள் அளவுகோல், வடக்கு அம்பு, எண் பலகை வைத்துப் படம் எடுத்தோம்.

இனி வரிசை முக்கியம். குழியை நிரப்பிய மண் மூன்றாம் அடுக்கைவிடப் பிற்காலத்தது, அதனால் அதை முதலில் எடுக்க வேண்டும். குழு முழுக்கப் பத்துப் பத்து செ.மீ.-ஆகச் சமமாக இறக்கலாம் என்றது. அப்படிச் செய்தால் தரை அழகாக இருக்கும், ஆனால் இரண்டு காலத்து ஓடுகளும் ஒரே பைக்குள் போய்விடும். அப்புறம் யார் உட்கார்ந்தாலும் பிரிக்க முடியாது. அடுக்கே தெரியாத மண்ணில் மட்டும்தான் அளவு வைத்து இறக்குவது எனக்குச் சம்மதம்.

ஜனவரி 25

குழி மண் ஒரே மண்ணல்ல. அடியில் மெல்லிய வண்டல், அதன்மேல் சாம்பல், மேலே ஓடும் எலும்பும். கொஞ்ச காலம் திறந்து கிடந்து மழைநீர் வண்டலை இறக்கியிருக்கிறது, பிறகு குப்பைக்குழி ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி எண். நிறத்தைக் கண்ணால் 'பழுப்பு' என்று எழுதாமல் நிறங்களுக்குக் குறியெண் தரும் மன்செல் அட்டையோடு ஒப்பிட்டு எழுதினோம். வண்டல் 10ஒய்ஆர் 4/3.

சாம்பலில் ஒரு சூதுபவள (செந்நிறக் கல்) மணி. நாலு கை நீண்டது, தடுத்தேன். அகழாய்வுக் குழியின் மேற்கு விளிம்பிலிருந்து 2.90 மீ., தெற்கு விளிம்பிலிருந்து 3.40 மீ., நிலைப்புள்ளிக்குக் கீழே 1.12 மீ. இந்த மூன்றும் எழுதி, இருந்த இடத்திலேயே படம் எடுத்த பிறகுதான் மணியைத் தொட விட்டேன். எடுத்த மணியை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், அது கிடந்த இடத்தை ஒருமுறைதான் பார்க்க முடியும்.

ஜனவரி 27

சாம்பலிலிருந்து கரித்துண்டுகள். இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடித்தோம். பஞ்சிலும் காகிதத்திலும் கார்பன் இருப்பதால் அவற்றில் சுற்றுவதில்லை. ஆனால் கரிமக் கணிப்பு சொல்வது அந்த மரம் உயிரோடிருந்த காலத்தை, எரிந்த நாளை அல்ல. வயதான மரத்தின் உட்பகுதியாக இருந்தால் காலம் உண்மையைவிடப் பழையதாகக் காட்டிவிடும். கருகிய விதை ஒரு பருவத்துப் பயிர், அதில் அந்தத் தொல்லை குறைவு. அதனால் சாம்பலில் ஒரு பங்கைச் சல்லடைக்கு அனுப்பாமல் தண்ணீரில் கரைத்து, மிதப்பதை மெல்லிய துணியில் வடித்தோம். விதைகள் வந்தன.

பானை ஓடுகள் கழுவப் போயின, உட்புறம் கருகிய சிலவற்றைத் தவிர. அந்தப் படிவில் சமைத்த பொருளின் தடயம் இருக்கலாம், தேய்த்தால் போய்விடும்.

ஜனவரி 30

வடக்குச் சுவரைச் செதுக்கி, மட்டக்கயிறு கட்டி, 1:10 அளவில் வரைந்தேன். கருவிகள் புள்ளிகளைத் துல்லியமாகத் தருகின்றன. ஆனால் வரையும்போதுதான் ஒவ்வொரு கோட்டையும் இது எங்கே முடிகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. குழியின் வெட்டு மூன்றாம் அடுக்கின் மேற்பரப்பில் தொடங்குகிறது, இரண்டாம் அடுக்கு அதை மூடிக்கொண்டு ஓடுகிறது.

மாலையில் ஹாரிஸ் வரைபடம், அதாவது எது முன், எது பின் என்று காட்டும் படம். எட்வர்ட் ஹாரிஸ் 1973-இல் வகுத்த இந்த முறையில் வெட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதில் மண்ணே இல்லை, ஆனாலும் அது நடந்த செயல். கீழிருந்து மேலாக: மூன்றாம் அடுக்கு, வெட்டு, வண்டல், சாம்பல், குப்பை, இரண்டாம் அடுக்கு.

கீழே நாலும் ஐந்தும் ஒரே அடுக்குதான் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். எனக்கு ஐந்தில் சுண்ணாம்புக் கட்டிகள் கூடுதலாகத் தெரிகின்றன. இப்போதைக்கு இரண்டு எண்களையும் வைத்திருக்கிறோம். சேர்ப்பது பிறகும் முடியும்.