மாடும் ஆமையும் கெடுத்த கார்டுகள்: ஜப்பானிய வார்த்தை, 3வது மாசம்

ஜப்பானிய வார்த்தை மாதிரியே ஒலிக்கிற ஒரு தமிழ் வார்த்தைய கொக்கியா வச்சு, அர்த்தத்தோட சேத்து ஒரு படம் நெனைக்கிறதுதான் கீவேர்ட் முறை, போன மாசம் வரைக்கும் எனக்கு நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. என்4ங்கிற ஜப்பானிய மொழித் தேர்வுக்கு வார்த்தை சேக்குறேன், ஒரு நாளைக்கு 15 கார்டு, அன்கி (Anki)ங்கிற கார்டு ஆப்லதான். யமன்னா மலை, உச்சில எருமையோட யமன் நிக்கிறான். உமன்னா குதிரை, எங்க தெரு உமா அக்கா குதிரை மேல வர்றாங்க. கனின்னா நண்டு, கொடுக்குல ஒரு மாம்பழம். ஒரே தடவைதான் பாத்தேன், இன்னிக்கும் மறக்கல.

மாட்டுனது மதொல. மதொன்னா ஜன்னல். மாடு ஜன்னல் வழியா தலைய நீட்டுற மாதிரி படம் வச்சிருந்தேன். ரெண்டு வாரத்துல மாட்டுக்கே உஷின்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அதுக்கு மாட்டுக்கு ஊசி போடுற படம். அப்புறம் மதொ கார்டு வந்தாலே மனசுல மாடுதான் வருது, ஜன்னல் வரவே இல்ல. அமென்னா மழை, அதுக்கு ஆமைய வச்சேன், ஆனா நிஜ ஆமைக்கு வார்த்தை கமெ! ஆடு மாடு ஆமைன்னு எப்படியும் பின்னாடி படிக்க வேண்டிய எதையும் கொக்கியா வைக்கவே கூடாதுன்னு இப்பதான் புரியுது.

அதவிட பெரிய தொல்லை நெடில். அமெல அ குறில், நான் ஆமைய நெனச்சு நெனச்சு ஆமென்னு இழுத்திருக்கேன், டீச்சர் நிறுத்தி திருத்துனாங்க. இந்த மொழில அது சின்ன விஷயமில்ல, ஒபசன்னா அத்தை, ஒபாசன்னா பாட்டி. குறில் நெடில் நமக்கு பொறந்ததுலருந்தே காதுல இருக்கு, அந்த வசதிய நானே கொக்கியால கெடுத்திருக்கேன்னு ரொம்ப வருத்தம்.

அதனால 60 கார்ட கழட்டி திரும்ப செஞ்சேன், மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. ஒரே விதி, மொத ரெண்டு எழுத்து நீளம் மாறாம அப்படியே இருக்கணும். மதொக்கு மதகு, ஜன்னல தொறந்தா மதகு தொறந்த மாதிரி தண்ணி வீட்டுக்குள்ள பாயுது. உஷிக்கு உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்ட்ல படுத்திருக்கிற மாடு. அமெக்கு அமெரிக்கா, ஜெமினி பாலத்துக்கிட்ட விசா வரிசைல எல்லாரும் தொப்பலா நனையிறாங்க. கமெக்கு கமென்ட்ரி பாக்ஸ்ல மைக் புடிச்ச ஆமை. நேத்து 60ல 54 சரி!

நெட்ல கிடைக்கிற ரெடிமேட் டெக் (கார்டு கட்டு) எல்லாத்துலயும் இங்கிலீஷ் கொக்கிதான், நமக்கு ஒட்டவே மாட்டேங்குது. முறை என்னவோ பழசுதான், 1975லயே ஸ்டான்ஃபோர்ட்ல 120 ரஷ்ய வார்த்தைக்கு சோதிச்சு, கீவேர்ட் வச்சவங்க 72 சதவீதம், வைக்காதவங்க 46ன்னு காட்டிருக்காங்க. தமிழ்ல ஒருத்தரும் உக்காந்து செய்யலங்கிறதுதான் கோவம்.

படம் வரைய வெள்ளை அட்டை பந்தர் தெருல கட்டா வாங்கினேன், மையும் ஊறல, விலையும் கம்மி. அடுத்து எண்ணுற சொற்கள், சாமானோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி மாறும், பென்சில் ஒண்ணுன்னா இப்பொன், ரெண்டுன்னா நிஹொன், மூணுன்னா சன்பொன், இதுக்கு கொக்கி பத்தாது. ஊர்ல தாத்தா வீட்டையே மனசுல நடந்து, நீளமான சாமானெல்லாம் திண்ணைல, தட்டையான சாமானெல்லாம் முற்றத்துலன்னு வைக்கலாம்னு இருக்கேன்.

ஆனா வாய்க்கான வார்த்தை (kuchi) மட்டும் இன்னும் கொக்கி கிடைக்காம நிக்குது. வாயில குச்சி வச்ச படம் அருமையாத்தான் இருக்கு, ஆனா அங்க நடுல 'ச்' கிடையாது, கு, அப்புறம் சென்னைல வர்ற அந்த ச. தமிழ்ல ஒத்த ச நடுல வந்தா குசின்னு ஆயிடுது, அழுத்தினா குச்சி ஆயிடுது. நாலு நாளா தேடுறேன், யாருக்காவது ஒரு வார்த்தை தோணுச்சுன்னா சொல்லுங்க.