அம்மாச்சியின் மூன்று மா நிலம்

ஆடிப்பெருக்கு அன்று திருவையாற்றுப் படித்துறையில் அம்மாச்சி எப்போதும் மேல்படியிலேயே நின்றுகொள்வார். தாத்தா மறைந்தபின் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாகாது என்று ஊர் சொன்னதை அவர் எதிர்த்ததில்லை. ஆயினும், காப்பரிசிக்கு வெல்லம் போதுமா என்று பார்ப்பதிலிருந்து, காதோலை கருகமணியை வாழையிலையில் வைத்து அம்மாவிடமும் என்னிடமும் தருவது வரை அனைத்தும் அவர் பொறுப்பே. காவிரியை மசக்கைக்காரியாகக் கருதிச் சித்திரான்னம் படைப்பதை, நான்கு பிள்ளை பெற்றவர் என்ற உரிமையோடு நடத்துவார்.

அம்மாவுக்கு 1986இல் திருமணம். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தந்த 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம், அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. அம்மா அதைப் பற்றி வாய்திறக்கவில்லை. அம்மாச்சிதான், தமக்குச் சீதனமாக வந்த மூன்று மா நிலத்தை, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கரை, மாமாக்கள் எவரிடமும் கேளாமல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று அம்மா பெயருக்கு எழுதிவைத்தார். "ஆம்பளப் புள்ளைங்களுக்கு அப்பன் சொத்து இருக்கு, இவளுக்கு நான் இருக்கேன்" என்றாராம். பங்கு சமமில்லை என்பது என் எண்ணம். அம்மா இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் அந்நிலத்தில் குறுவை, இல்லையேல் சம்பா மட்டுமே.

சென்ற ஆடியில், தம் தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்ட அம்மா, மீதமிருந்த மஞ்சள் கயிற்றோடு மேல்படிக்கு ஏறி, அம்மாச்சியின் மணிக்கட்டில் அதைச் சுற்றினார். நான் முடிச்சுப் போட்டேன்.

"ஊரு பாக்குதுடி" என்றார் அம்மாச்சி. ஆனால், கையை இழுத்துக்கொள்ளவில்லை.